நெடுந்தீவு மார்க்கண்டுவின் லைசன்ஸ்

நெடுந்தீவில் ஒரு காலம் தட்டிவான் என்றால் மார்க்கண்டு, மார்க்கண்டு என்றால் தட்டிவான். இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் இல்லை. பழைய லொறி ஒன்றின் முதுகில் பலகை அடித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் குந்தியிருக்க நீள வாங்கு போட்டு, பின்தட்டியை இறக்கிச் சனத்தையும் மூட்டையையும் ஆட்டுக்குட்டியையும் ஒன்றாக ஏற்றுகிற வாகனம் அது. 1963இல் தீவின் சங்கம் அதை வாங்கி, இரண்டு வத்தை வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே நிறுத்திக் கடல் கடத்திக் கொண்டுவந்தது. கூடவே வந்த யாழ்ப்பாணத்து டிறைவருக்குத் தீவின் உவர்த்தண்ணீர் பிடிக்கவில்லை. படம் பார்க்கத் தியேட்டரும் இல்லை. "இந்தா, இது கிளச், இது பிறேக், இது ஸ்ரேரிங். மிச்சத்தை நீயே பார்" என்று துறைமுகத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற மார்க்கண்டுவின் கையில் வான் திறப்பை வைத்துவிட்டு, அடுத்த லோஞ்சில் கடல் தாண்டி ஆள் பறந்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்த ஸ்ரேரிங்தான். லைசன்ஸ் என்று ஒன்று இருப்பது மார்க்கண்டுவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் யாருக்குக் காட்ட அதை எடுப்பது, சொல்லுங்கள் பார்ப்போம்? எதிரே வருவதற்குத் தீவில் வேறு வாகனம் இருந்தால்தானே! ஒரு உழவு மிசின் இருந்தது, அதுவும் வருசத்தில் முக்கால்வாசி நாள் படுத்த படுக்கை. தப்பித்தவறி அது எதிரே வந்துவிட்டால், இரண்டு பேரும் நடுறோட்டில் நிறுத்தி, இறங்கி, வெற்றிலை மாற்றி, ஊர்ப்புதினம் எல்லாம் கதைத்து முடித்துவிட்டுத்தான் வழிவிடுவார்கள். பின்னால் வானுக்குள் இருக்கிற சனமும் இறங்கி வந்து கதையில் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. வானில் போகிறவன், நடந்து போகிற ஒரு ஆளைக் கண்டால் நிறுத்தவேண்டும். நிறுத்தி, "எங்கை போறியள், ஏறுங்கோவன்" என்று கேட்கவேண்டும். அவர் ஏறுகிறார், ஏறாமல் விடுகிறார், அது அவரவர் விருப்பம். கேட்காமல் போனால் வந்தது வினை! "ஓகோ, பெரிய டிறைவர். எங்களைக் கண்ணுக்குத் தெரியேல்லை" என்று ஆறுமாதம் முகம் கொடுக்கமாட்டார்கள். ஆகவே மார்க்கண்டு எல்லோருக்கும் நிறுத்தினான். பக்கத்து வீட்டுக்குப் போகிற ஆளுக்கும் நிறுத்தினான். வான் நிரம்பி, ஆட்கள் தட்டியில் தொங்கிக்கொண்டு வந்தாலும் நிறுத்தினான். அப்படி ஒரு மனுசன் அவன், சும்மா சொல்லக்கூடாது.

அந்த நல்ல மனசுதான் ஒருநாள் கெடுத்தது. 1971இல் ஒரு திருவிழா நாள். வானுக்குள் ஊசி போட இடமில்லை. மாவிலித்துறைக்குக் கிட்ட வரும்போது பிறேக்கை மிதித்தால், கால் தட்டுவரைக்கும் போய்விட்டது. பிறேக் இல்லை! லோஞ்சுக்கு நிற்கிற சனத்துக்குள் விடமுடியுமோ? ஸ்ரேரிங்கை ஒடித்து முருகைக்கல் வேலியில் கொண்டுபோய் முட்டினான். கல் சரிந்தது, சனம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை, அம்மாள் காப்பாற்றினாள். ஆனால் பள்ளிக்கூடத்து சறோஜினிதேவி ரீச்சரின் கை முறிந்துவிட்டது. ஏற்றிக்கொண்டு போக வேறு வாகனம் இல்லாமல் பாவம் அந்த மனுசியை மாட்டுவண்டியில் வைத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சங்கத் தலைவர் பரமலிங்கம் கூட்டம் கூட்டினார். அவர் சத்தம் போடுகிற ஆளில்லை.

"மார்க்கண்டு, உம்மிலை எங்களுக்குக் கோவம் இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு உயிர் போனால் ஆர் பதில் சொல்லுறது? பிறேக்கை நாங்கள் செய்விக்கிறம். லைசன்ஸை நீர் எடும். தைப்பொங்கலுக்கு முன்னம் எடுக்கேலாட்டி, வெளியிலையிருந்து லைசன்ஸ் உள்ள ஒரு ஆளைத்தான் போடவேணும்."

மார்க்கண்டு எல்லாத்துக்கும் தலையை ஆட்டினான். ரீச்சர் "ஐயோ கை" என்று கத்திய சத்தம் அவன் காதை விட்டுப் போகவேயில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து வாசற்படியில் குந்தினவன், பெண்சாதி மனோகரி கூப்பிட்டும் எழும்பவில்லை. அவனுக்குக் காணி இல்லை. கடல் தொழில் தெரியாது, வள்ளத்தில் கால் வைத்தாலே வயிற்றைக் குமட்டும். பனை ஏறப் பயம். வான் போனால் அவன் கையில் என்ன மிச்சம்?

"எழும்படா. செத்தவீடு மாதிரி இருக்கிறாய்" என்றாள் பக்கத்து ஒழுங்கையிலிருந்து வந்த அக்கா அன்னபூரணம். தாய் போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனுக்காகக் கலியாணமும் கட்டாமல் இருந்துவிட்டாள் என்று ஊர் சொல்லும். அவளிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்! மூக்கு நுனியில் கோபம். "மாடு மேய்க்கிற பெடியளெல்லாம் யாழ்ப்பாண ரவுணிலை லைசன்ஸ் வைச்சிருக்கினமாம். உனக்கென்ன குறைச்சல்? போய் எடு."

ஊர்காவற்றுறையில் பிலிப்பு என்று ஒருவன் லேணர்ஸ் நடத்திக்கொண்டிருந்தான். கார் ஓடப் பழக்குகிற இடத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மார்க்கண்டுவைவிட வயதில் இளையவன். பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று, முன்னும் பின்னும் எல் போர்ட். வாய் நிறையச் சிரிப்பான், பயம் வந்தால் வாய் நிறைய மாதாவைக் கூப்பிடுவான். மார்க்கண்டு வந்த முதல் நாளே மாதாவுக்கு வேலை வந்துவிட்டது. வேலணை றோட்டில் எதிரே பஸ் ஒன்று வந்தது. மார்க்கண்டு காரை நடுறோட்டில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, மடியில் வெற்றிலையைத் தேடினான்.

"என்ரை மாதாவே! அண்ணை, என்ன செய்யிறியள்?"

"எதிரை வாகனம் வருதெல்லே?"

பஸ்காரன் ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டு, புழுதியை வாரி இறைத்து, நல்ல தூசணமும் சொல்லிவிட்டுப் போனான். அவன் ஏன் நிற்கவில்லை என்று மார்க்கண்டுவுக்கு அன்று முழுக்க மனவருத்தம்.

யாழ்ப்பாணத்தில் நடந்த முதல் சோதினை எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். தட்டிவானின் பிறேக்குக்கு இரண்டு காலையும் சேர்த்து ஊன்றவேண்டும். அதே பழக்கத்தில் மொறிஸ் மைனரின் பிறேக்கிலும் ஏறி நின்றான். சோதினை எடுக்க வந்த ஐயாவின் நெற்றி கண்ணாடியில் போய் இடித்தது. அவர் கையால் நெற்றியைத் தடவிக்கொண்டு, "பிறேக் நல்லா வேலை செய்யுது, நீர் பிறகு வாரும்" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

இரண்டாம் தரம் எல்லாம் திறமாக நடந்தது. பிறேக்கைப் பூப்போலத் தொட்டான். கையை நீட்டிச் சைகை காட்டினான். எதிரே லொறி வந்தும் இறங்கவில்லை. ஐயாவின் முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சந்தைப்பக்கமிருந்து ஒரு கிழவி, தலையில் கடகம் நிறைய மரவள்ளிக் கிழங்கோடு வேகாத வெயிலில் வருகிறாள். மார்க்கண்டுவின் கால் யாரையும் கேட்கவில்லை. கார் சடாரென்று நின்றது.

"எங்கையணை ஆச்சி போறியள்? ஏறுங்கோவன்."

ஆச்சி ஏறிவிட்டாள்! கடகத்தையும் ஏற்றிக்கொண்டு பின்சீற்றில் வசதியாகச் சாய்ந்து, "நல்லாயிருப்பாய் மோனை, என்னைச் சிவன் கோயிலடியிலை இறக்கிவிடு" என்றாள். ஐயா ஆச்சியைத் திரும்பிப் பார்த்தார். நல்ல மனுசன், ஆச்சியைச் சிவன் கோயிலடியில் இறக்கவும் விட்டார். பிறகுதான் சொன்னார்: "தம்பி, உமக்குக் கார் ஓடத் தெரியும். ஆனால் கண்ட இடத்திலை சடாரெண்டு நிப்பாட்டினால் பின்னாலை வாறவன் என்ன செய்வான்? உம்மடை தீவிலை பின்னாலை ஒருத்தரும் வாறேல்லை. இஞ்சை வருவினம். அதைத்தான் நான் பார்க்கவேணும்."

மார்க்கண்டுவுக்கு அது சுருக்கென்று பட்டது. பின்னால் வருகிறவன் என்று ஒரு ஆளைப்பற்றி அவன் அதுவரைக்கும் நினைத்ததே இல்லை. தட்டிவானில் பின்னால் பார்க்கிற கண்ணாடியும் கிடையாது.

பிலிப்பு தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு விடாப்பிடியாகப் பழக்கினான். வேலணையிலிருந்து மண்டைதீவுச் சந்தி வரைக்கும், கடலுக்கு நடுவால் போகிற பண்ணைத் தாம்போதி நெடுக, போகவர ஒரே பாடம்தான். "றோட்டைப் பாருங்கோ. கண்ணாடியைப் பாருங்கோ. ஆளைப் பார்க்காதையுங்கோ. ஆர் கை காட்டினாலும் நீங்கள் நிப்பாட்டக்கூடாது அண்ணை. உங்கடை கொப்பர் எழும்பி வந்து நிண்டாலும் நிப்பாட்டக்கூடாது." தன் சொந்தக்காரர் எல்லோரையும் கொண்டுவந்து வழி நெடுக நிறுத்திக் கை காட்டவிட்டான். பெரியம்மா அல்போன்சம்மா கூட மீன்கூடையோடு நின்று "ஐயோ தம்பி, என்னை ஏத்து ராசா" என்று நடித்தாள். மார்க்கண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். ஒவ்வொரு ஆளையும் கடக்கும்போது யாரோ நெஞ்சில் நுள்ளுகிற மாதிரி இருந்தது.

மார்கழியில் மூன்றாம் சோதினை. பொங்கலுக்கு முன்னம் இதைவிட்டால் வேறு தவணை இல்லை. சங்கத்தில் வெளியாள் ஒருவனோடு பேச்சுக்கால் முடிந்துவிட்டது என்றும் கதை. அன்னபூரணம் முதல்நாளே வெளிக்கிட்டு நயினாதீவுக்குப் போயிருந்தாள். நாகபூசணி அம்மாளுக்கு விடியற்பூசையில் அருச்சனை செய்து, அந்தத் திருநீற்றைச் சோதினைக்கு முன்னம் தம்பியின் நெற்றியில் பூசவேண்டும் என்பது அவள் நேர்த்தி. குறிகட்டுவானுக்கு லோஞ் பிந்தி வந்தது. பஸ்ஸும் பிந்தியது. அவள் யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது கார் வெளிக்கிட்டுப் போய்விட்டது. எந்த வழியால் வரும் என்று தம்பி சொல்லியிருக்கிறானே! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரியாஸ்பத்திரி றோட்டுக்கு ஓடிவந்து ஓரத்தில் நின்றாள்.

மார்க்கண்டு தூரத்திலேயே கண்டுவிட்டான். கரும்பச்சைச் சேலை. உயர்த்தின கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"தம்பீ! மார்க்கண்டு! நில்லடா!"

கால் பிறேக்கை நோக்கிப் போனது. போன காலை இழுத்துப் பிடித்தான். றோட்டைப் பார்த்தான். கார் அவளைக் கடந்தது. அவள் கூடவே சில அடி ஓடிவந்தாள்.

ஐயா தலையைத் திருப்பிப் பார்த்தார். "உம்மைத்தான் கூப்பிடுகினம் போலை. தெரிஞ்ச ஆளோ?"

"இல்லை சேர்."

சொல்லிவிட்டான். வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. பழக்கின பழக்கத்தில் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. அதற்குள் அக்கா சின்னனாகத் தெரிந்தாள். ஒரு கால் செருப்பு கழன்று நடுறோட்டில் கிடக்க, குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாஸ். பிலிப்பு அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தான். மார்க்கண்டு வடையைத் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். சந்தோசப் புளுகத்தில்தான் அண்ணைக்குச் சாப்பாடு வேண்டாமாக்கும் என்று பிலிப்பு நினைத்தான்.

பின்னேர லோஞ்சில் அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கடல் நல்ல அமைதி.

"பாசோ?"

"ஓம்."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு கேட்டாள்: "ஒண்டு கேக்கிறன். என்னைக் கண்டனியோ?"

மார்க்கண்டு கடலைப் பார்த்தான். காணவில்லை என்று சொல்ல மனம் ஏவவில்லை. கண்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பொட்டலத்தை எடுத்து அவன் மடியில் போட்டாள். "இந்தா. அம்மாளின்ரை திருநீறு. எறியேலாது." அதற்குப் பிறகு அவள் அவனோடு ஒரு சொல் பேசவில்லை.

லைசன்ஸோடு வந்த மார்க்கண்டு வேறு ஆள். பிறேக் செய்வித்து வானைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் சண்டை பிடித்துப் பின்கண்ணாடியும் பூட்டுவித்தான். வாங்கில் இருக்கக்கூடிய ஆட்களுக்கு மேலே ஒரு ஆள் ஏறினாலும் வான் நகராது. "ஆராவது இறங்குங்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்ரேரிங்கில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான். பள்ளிக்கூட வளைவில் "வேகம் 15 மைல்" என்று பலகையில் தன் கையாலேயே எழுதி நட்டான். தீவில் அதற்கு அடங்கி நடக்கவேண்டியவன் அவன் ஒருவன்தான். அவனும் அடங்கி நடந்தான். சறோஜினிதேவி ரீச்சர் கை சுகமாகி வந்து அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு எழுத்துப் பிழை இல்லை என்று சொன்னதில் அவனுக்கு உச்சி குளிர்ந்தது. கைச்சைகை காட்டுவதில்தான் கரைச்சல். வேகம் குறைக்கிறேன் என்று கையை மேலும் கீழும் அசைப்பான். தங்களைத்தான் கூப்பிடுகிறான் என்று வேலிக்குள் நிற்கிற பெண்டுகள் அகப்பையோடு ஓடிவருவார்கள். நடந்து போகிறவர்களுக்கு இப்போதும் நிறுத்தினான், ஆனால் முதலில் கண்ணாடியைப் பார்த்து, ஓரம் கட்டித்தான் நிறுத்தினான். பின்னால் ஒரு மாடுதான் வந்துகொண்டிருக்கும்.

ஊருக்கு எல்லாம் சந்தோசம். அக்கா மட்டும் வானில் ஏறவில்லை.

சங்கக்கடைக்கும் நடை, துறைக்கும் நடை. மார்க்கண்டுவின் பெண்சாதி மனோகரி கறி கொடுத்துவிட்டால் சட்டியைக் கழுவி வெறுஞ்சட்டியாகத் திருப்பி அனுப்பினாள். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கிறது எவ்வளவு பெரிய கோபம் என்று மனோகரிக்குத் தெரியும். சட்டியைக் கண்டதும் அழுதுவிட்டாள். வானில் வரும்போது மார்க்கண்டு அக்காவுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, அவள் நடக்கிற வேகத்துக்கு உருட்டிக்கொண்டு, "ஏறன் அக்கா" என்பான். வானுக்குள் இருந்து சனம் எல்லாம் தலையை நீட்டி, "பூரணமக்கா, ஏறுங்கோவன், வெயில் கொல்லுது" என்று கெஞ்சும். அவள் குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவள் வீட்டு ஒழுங்கை வரைக்கும் இந்த ஊர்வலம்தான். பொங்கல் போய், மாசியும் போய், பங்குனி வெயிலும் வந்துவிட்டது.

ஒருநாள் துறையிலிருந்து வரும் வழியில், அவள் ஒரு அரிசிப்பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு நடந்தாள். மார்க்கண்டு வானைப் பக்கத்தில் உருட்டினான். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. குடை மறைத்தது. அவனுக்குத் தாங்கமுடியவில்லை. வானை ஓரம் கட்டினான், எஞ்சினை நிறுத்தினான், இறங்கிவிட்டான்.

"எட மார்க்கண்டு, எங்களை விட்டிட்டு எங்கை போறாய்?" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிப்போய் அக்காவின் பையைப் பறித்துத் தோளில் வைத்துக்கொண்டு கூட நடந்தான். அவள் தடுக்கவும் இல்லை, அவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச தூரம் அப்படியே போனார்கள்.

"கண்டனான் அக்கா" என்றான்.

அவள் நடந்தாள்.

"தூரத்திலையே கண்டனான். நீ கூப்பிட்டதும் கேட்டது. செருப்பு கழண்டதும் கண்ணாடிக்குள்ளை கண்டனான்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அவள், முன்னால் பார்த்துக்கொண்டே.

"அதில்லை. அந்தச் சேர் கேட்டவர், தெரிஞ்ச ஆளோ எண்டு. நான்..." பையை மற்றத் தோளுக்கு மாற்றினான். "இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அன்னபூரணம் நின்றாள். குடை கையிலிருந்து சரிந்தது. அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிரம்பி வழிந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றாள். மார்க்கண்டு அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும் எண்டு சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பியோ?"

"நிப்பாட்டாமல் வந்திருக்கேலாது அக்கா."

வானுக்குள் இருந்து சனம் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் கத்தியது.

"எடு பாப்பம்" என்றாள்.

"என்னத்தை?"

"லைசன்ஸை."

சட்டைப்பைக்குள் பிளாஸ்ரிக் உறையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. அவன் படத்தைத்தான் பார்த்தாள். படத்தில் அவன் முழியைப் பிதுக்கிக்கொண்டு இருந்தான். சேலைத்தலைப்பால் முதலில் அந்த உறையைத் துடைத்தாள், பிறகுதான் தன் கண்ணைத் துடைத்தாள். திருப்பி அவன் பைக்குள் தானே வைத்து, வெளியே வராதபடி அமத்தியும் விட்டாள்.

"அக்காவைக் குடுத்து வாங்கின சாமான். துலைச்சுப் போடாதை" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வானை நோக்கி நடந்தாள்.